டெஸ்ட் ரைடுக்கு ஒரு பிணையாள்

சேலையூர் கேம்ப் ரோட்டுப் பக்கம் பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் அனந்தகிருஷ்ணனைக் கூட அழைத்துக்கொண்டு போவார்கள். அப்படிப் போனவர்கள் யாரும் வண்டி வாங்கியதில்லை. மனிதர் எந்த வண்டியைப் பார்த்தாலும் "வேண்டாம்" என்றுதான் சொல்வார்.

இந்த ஊர் வழக்கம் அது. பழைய வண்டி பார்க்கத் தனியாகப் போனால் தலையில் மிளகாய் அரைத்துவிடுவார்கள், அதனால் 'வண்டி தெரிஞ்ச ஆள்' ஒருத்தர் கூட வேண்டும். அனந்தகிருஷ்ணன் அந்த ஆள் ஆன கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். இன்சூரன்ஸ் கம்பெனியில் நாற்காலியைத் தேய்க்கிற உத்தியோகம். ஓட்டுவது ஒரு பழைய ஸ்கூட்டர், அதுவும் முப்பதைத் தாண்டாது. என்றைக்கோ ஒரு நாள் மாடி வீட்டு ஷ்யாம்சுந்தர் விடாப்பிடியாகக் கூப்பிட்டார் என்று கூடப் போனார். வண்டியின் நிறம் பிடிக்கவில்லை, "வேண்டாம்" என்றார். அதே வண்டியை வேறு யாரோ வாங்க, அந்த வாரமே அது பெருங்களத்தூர் சிக்னலில் இஞ்சின் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் நின்றது. அவ்வளவுதான், ஷ்யாம்சுந்தர் காலனி முழுக்கத் தமுக்கு அடித்துவிட்டார்.

அதற்கப்புறம் இவரும் ராத்திரி உட்கார்ந்து நாலு வீடியோ பார்த்தார். எதைத் தொட வேண்டும், எதைத் தட்ட வேண்டும், எங்கே குனிய வேண்டும் என்பதெல்லாம் படிந்துவிட்டது. தீர்ப்பு மட்டும் மாறவே இல்லை. யோசித்துப் பாருங்கள், எவ்வளவு சௌகரியமான தீர்ப்பு! வாங்கு என்று சொன்ன வண்டி நின்றால் வந்து சட்டையைப் பிடிப்பார்கள். வேண்டாம் என்று சொன்ன வண்டி ஓடுகிறதா, உட்கார்ந்துவிட்டதா என்று எந்தப் புண்ணியவான் போய்ப் பார்க்கப் போகிறான்?

இந்த வித்தையெல்லாம் கடைசியில் வந்து முட்டிக்கொண்டது தங்கை ரோஹிணியிடம்.

ரோஹிணி பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் டீச்சர். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அம்மாவோடு இருக்கிறாள். அந்தக் குடும்பத்தில் அனந்தகிருஷ்ணன் சொல்லாத ஒரே வேண்டாம் அதுதான். முப்பத்தெட்டு வயதில் பைக் ஓட்டக் கற்றுக்கொண்டு, பெண்கள் மட்டுமே இருக்கிற ஒரு ரைடர்ஸ் குரூப்பில் சேர்ந்தாள். கோடை விடுமுறையில் அந்தக் கூட்டம் தாம்பரத்திலிருந்து கிளம்பி வால்பாறை, மூணாறு, வயநாடு, கூர்க் என்று மலை மலையாகச் சுற்றப் போகிறது. சொந்தமாக நல்ல டூரிங் வண்டி இருந்தால்தான் வரலாம், எந்த வண்டி என்பதை இந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் அடுத்தவளுக்கு. புது வண்டிக்குக் கையில் தெம்பில்லை, பழசுதான். அதற்கு அம்மா அபிதகுஜாம்பாள் ஒரு நிபந்தனை போட்டாள். "அனந்து பார்த்து சரின்னு சொல்லட்டும். அப்பறம் நீ ஹிமாலயாவுக்கே போ."

அனந்து பார்த்தார். பல்லாவரத்தில் பார்த்த வண்டிக்கு சத்தம் சரியில்லை. மேடவாக்கத்து வண்டிக்கு சத்தமே இல்லை, அதுவும் சரியில்லை. கூடுவாஞ்சேரி வண்டியின் சொந்தக்காரர் ரொம்பச் சிரிக்கிறார், எதையோ மறைக்கிறார் என்றார். ரோஹிணி மூன்று முறையும் ஒரு வார்த்தை பேசாமல் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டாள். இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டது, மிச்சம் இருப்பது ஒரே ஒரு வண்டி.

அது திருமுடிவாக்கத்தில் இருந்தது. சொந்தக்காரர் ஜெபகுமார் அங்கே தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். அவரும் மனைவி ஜாஸ்மினும் அந்த வண்டியில் பாதி இந்தியாவைச் சுற்றியவர்கள். போன வருஷம் இரட்டைக் குழந்தை பிறந்தது. நாலு பேர் பைக்கில் போக முடியாது என்று விற்கிறார்கள். காலையில் அண்ணனும் தங்கையும் போய் ஸ்கூட்டரை நிறுத்தியதும் ஜெபகுமார் வாசலுக்கு வந்தார். அனந்தகிருஷ்ணன் பையிலிருந்து டார்ச்சையும் வெள்ளைக் கைக்குட்டையையும் எடுத்த எடுப்பிலேயே அவர் முகம் மாறிவிட்டது.

"சார், நீங்க சேலையூர் வேணாம் சார் தான?"

"யாரு?"

"வேணாம் சார்! எங்க வண்டி குரூப்புல உங்களைப் பத்தி பேசாத நாளே கெடையாது. என் மச்சான் வண்டியக்கூட நீங்கதான் வேணாம்னீங்க. அது இன்னிக்கும் சும்மா பறந்துகினு கீது, சார்."

ரோஹிணி சிரிப்பை அடக்க ஹெல்மெட்டை அவசரமாகக் கழற்றினாள். அனந்தகிருஷ்ணன் காது கேட்காதவர் மாதிரி வண்டிப் பக்கம் நடந்தார்.

மேல் துணியை ஜெபகுமார் உருவினார். பெரிய வண்டி. உயரமான கண்ணாடி, இரண்டு பக்கமும் பெட்டி மாட்டுகிற கம்பி, அகலமான சீட்டு. ரோஹிணிக்கு மூச்சே ஒரு நிமிஷம் நின்றுவிட்டது, அதை அண்ணன் பார்த்துவிட்டார். முந்தைய மூன்று வண்டிகளை அவள் இப்படிப் பார்க்கவில்லை.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஆரம்பித்தார். முதலில் இஞ்சின் மேல் புறங்கையை வைத்தார். விற்கிறவர்கள் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்துவிடுவார்கள், சூடான இஞ்சின் எந்த நோயும் காட்டாது. இது பானைத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தது. முன் சக்கரத்துக்கு மேலே போகிற இரண்டு குழாய்களையும் கைக்குட்டையால் துடைத்தார், ஆயில் கசிவு ஒரு பொட்டு இல்லை. செயின் சுற்றுகிற பல்சக்கரத்தில் பல் ஒவ்வொன்றும் மழுங்காமல் இருந்தது. முன் சக்கரத்தை ஜெபகுமாரை விட்டுத் தூக்கச் சொல்லி, ஹேண்டிலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். எங்கேயாவது தடங்கினால் வண்டி பலமாக மோதியிருக்கிறது என்று அர்த்தம். அது வெண்ணெயில் கத்தி போட்ட மாதிரி போனது. பிறகு, அந்த ஆபீஸ் தொப்பையோடு, தரையில் மல்லாந்து படுத்து டார்ச் அடித்தார். வண்டியின் அடிச்சட்டம் உடைந்து ஒட்டவைத்த அடையாளம் இருக்கிறதா என்று தேடினார். தூசிதான் கண்ணில் விழுந்தது.

"இந்தக் கம்பியில வெல்டிங் இருக்கே?" என்று கீழேயிருந்து சந்தோஷமாகக் கத்தினார்.

"அது பெட்டி மாட்ற ஸ்டாண்டு சார். நம்ம பட்டறையில நானே அடிச்சது. லடாக் போய்ட்டு வந்துச்சு, ஒரு விரிசல் வுடல."

எழுந்தார். சேஸிஸ் நம்பரை ஆர்.சி.யோடு ஒத்துப் பார்த்தார். டயர் எந்த வருஷம் தயாரானது என்று பார்த்தார். ஹேண்டில் ரப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, அது மீட்டரில் இருக்கிற கிலோமீட்டருக்குப் பொருந்துகிறதா என்று பார்த்தார். ஸ்டார்ட் செய்யச் சொன்னார், முதல் அழுத்தலிலேயே பிடித்தது. சைலன்சர் முனையில் கைக்குட்டையைப் பிடித்தார், கறுப்பும் இல்லை, எண்ணெயும் இல்லை. கடைசியாக சீட்டைத் தூக்கினார். டூல் கிட்கூட முழுசாக இருந்தது. பழைய வண்டியில் டூல் கிட் முழுசாக இருந்து நீங்கள் பார்த்ததுண்டா? அனந்தகிருஷ்ணன் பார்த்ததில்லை. அவருக்கு அழுகையே வந்துவிடும் போல இருந்தது.

"சொல்லுண்ணா" என்றாள் ரோஹிணி.

"ஓட்டிப் பார்க்காம எப்படிச் சொல்றது? ஓட்டினாத்தானே தெரியும்" என்று ஒரு வாய்தா வாங்கினார்.

ஜெபகுமார் சாவியை நீட்டினார், ஆனால் விடவில்லை. "சிஸ்டர் தாராளமா போய்ட்டு வரட்டும் சார். ஆனா ஆள் ஒருத்தர் இங்க குந்திகினு இருக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க, எல்லாரும் பண்றதுதான். என் ஃப்ரெண்டு வண்டி ஒண்ணு அப்டிதான் டெஸ்ட் ரைடு போச்சு, அது இன்னும் வந்துகினே கீது."

ஆக, அனந்தகிருஷ்ணன் பிணை. ரோஹிணி கைப்பையை, அதற்குள் போனையும் போட்டு, அண்ணன் மடியில் வைத்தாள். "அவுட்டர் ரிங் ரோடு வரைக்கும் போய்ட்டு இதோ வந்துடறேன்."

"பார்த்துப் போ. நாப்பதுக்கு மேல போகாதே. பஸ்ஸை ஒட்டிப் போகாதே."

அவள் போய்விட்டாள். தெருமுனையில் வளைந்த அழகைப் பார்த்து ஜெபகுமாரே "சிஸ்டர் நல்லா ஓட்றாங்க சார்" என்றார்.

ஜாஸ்மின் காபி கொண்டுவந்தாள். இரட்டைக் குழந்தைகளில் ஒன்று வந்து அனந்தகிருஷ்ணனின் டார்ச்சை வாயில் வைத்துக்கொண்டது, இன்னொன்று அவர் செருப்பை. காபி முடிந்தது. பேப்பர் முடிந்தது. கிரிக்கெட் பேச்சும் முடிந்தது. ரோஹிணி வரவில்லை.

அந்த நேரம் பார்த்து மடியில் இருந்த கைப்பை அலறியது. ரோஹிணியின் போனை எடுத்துப் பார்த்தார், பெயர் இல்லாத ஏதோ நம்பர். அனந்தகிருஷ்ணன் தெரியாத நம்பரை எடுக்கிற ஆளா? எடுத்தால் பேங்க் அக்கவுண்டே காலியாகிவிடும் என்று காலனி முழுக்க மெசேஜ் அனுப்புகிறவரே அவர்தான். கட் செய்தார். திரும்பவும் அடித்தது, திரும்பவும் கட். மூன்றாவது முறை அடித்ததும், "திருட்டுப் பசங்க, ஞாயித்துக்கிழமைகூட விடறதில்லை" என்று சொல்லி, போனையே அணைத்து வைத்துவிட்டார்.

இன்னும் கொஞ்ச நேரம் போனது. ஜெபகுமார் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்க ஆரம்பித்தார். கடைசியில் வாய்விட்டே கேட்டுவிட்டார். "சார், தப்பா நெனச்சிக்காதீங்க. அவங்க உங்க கூடப் பொறந்த தங்கச்சிதான?"

"என்னய்யா கேக்கறீங்க? பின்ன, தெருவிலேர்ந்தா கூட்டிண்டு வந்தேன்?"

"சும்மா இருங்க" என்று ஜாஸ்மின் கணவனை அதட்டினாள். "அண்ணனை விட்டுட்டு வண்டியைத் தூக்கிட்டு யாராச்சும் போவாங்களா?" பிறகு ஏதோ உறைக்க, மெதுவாகத் திரும்பினாள். "ஏங்க, வண்டியில பெட்ரோல் இருந்துச்சா?"

ஜெபகுமார் பின்னந்தலையைச் சொறிந்தார்.

"இருந்துச்சாங்கறேன்!"

"விக்கிற வண்டிக்கு எவனாச்சும் பெட்ரோல் வுட்டு வைப்பானா? நேத்து ராவுதான் டியூப் போட்டு உறிஞ்சி உன் ஸ்கூட்டிக்கு ஊத்தினேன். நம்ம தெருவுல ஒரு ரவுண்டு வருவாங்கன்னு பாத்தேன், அதுக்கு இருந்துச்சு. சார் பாத்துருப்பாருன்னு..."

அனந்தகிருஷ்ணன் பார்க்கவில்லை. பல்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லையும் பார்த்தவர், டயர் பிறந்த வருஷத்தைப் பார்த்தவர், டேங்க்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. ஸ்கூட்டர் சாவியைத் தேடினார், அது கையிலேயே இருந்தது. "லாரியா ஓடற ரோடு அது. நடு ரோட்டுல நின்னுருந்தா? பின்னாடி வரவன் பார்க்கலைன்னா?"

"ஒண்ணும் ஆகியிருக்காது சார். பொறுமையா இருங்க" என்றாள் ஜாஸ்மின். "வேணும்னா வண்டி வேணாம்னு சொல்லிடுங்க. நாங்க ஒண்ணும் நெனச்சுக்க மாட்டோம்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் மனிதர் பொலபொலவென்று உதிர்த்துவிட்டார். "வண்டியில ஒரு குறையும் இல்லைம்மா. இருந்தா தேவலைன்னு தலைகீழா நின்னு தேடினேன். இவ மலையெல்லாம் ஏறப் போறா, எனக்குப் பயம், அவ்வளவுதான். இவ சின்ன வயசுல சைக்கிள் கத்துக்கறப்போகூட நான்தான் பின்னாடி பிடிச்சுண்டே ஓடினேன். விடவே மாட்டேன், அழுவா. வண்டியை வேண்டாம்னா பழி வண்டிக்குப் போயிடும். எனக்குப் பயம்னா அவகிட்ட எந்த முகத்தோட சொல்றது?"

ஜெபகுமார் ஜாஸ்மினின் ஸ்கூட்டிச் சாவியை எடுத்தார். "வாங்க சார், நாமளே போய்ப் பாப்போம்."

அவர்கள் வாசலைத் தாண்டவில்லை, தெருமுனையில் அந்த வண்டியின் சத்தம் கேட்டது. ரோஹிணி வந்துகொண்டிருந்தாள். முகமெல்லாம் கரி, ஜாக்கெட் எல்லாம் மீன் வாடை, வாய் காதுவரை சிரிப்பு.

"எங்கேடி போய்த் தொலைஞ்சே!" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார் அண்ணன்.

"படப்பை தாண்டிட்டேன்ண்ணா! மண்ணிவாக்கத்துல திரும்பிடலாம்னுதான் நினைச்சேன். வண்டி திரும்ப விட்டாத்தானே! மீட்டர்ல மஞ்சள் லைட் மினுக்கிண்டே இருந்திருக்கு, நான் ரோட்டைத்தான் பார்த்தேன். திடீர்னு மூச்சை விட்டுடுத்து. இருநூறு கிலோ, தள்ளித் தள்ளி நாக்கு தள்ளிடுத்து. அப்போ மொபெட்டுல மீன் கூடையோட ஒரு அக்கா வந்தாங்க. புடவையை இழுத்துச் செருகிண்டு, காலை என் வண்டி ஃபுட்ரெஸ்ட்ல குடுத்துத் தள்ளிண்டே வந்தாங்க பாரு, பெட்ரோல் பங்க் வரைக்கும்! நல்லவேளை, ஜாக்கெட் பாக்கெட்டுல பணம் இருந்துது. அவங்க போன்லேர்ந்துதான் உனக்குக் கூப்பிட்டேன். உன் நம்பர் எவளுக்கு ஞாபகம் இருக்கு? என் நம்பருக்கே போட்டேன். மூணு தடவை கட் பண்ணினே. மகராசா, யார் வீட்டுல நீ பொறந்தே?"

ஜாஸ்மின் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அனந்தகிருஷ்ணன் அணைந்து கிடந்த போனை ஒரு முறை பார்த்தார், பிறகு பைக்குள்ளேயே போட்டுவிட்டார்.

ஜெபகுமார் அசடு வழிந்தபடி வந்து வண்டியின் டேங்க்கைத் தட்டிப் பார்த்தார். கெட்டியாகச் சத்தம் வந்தது. மூடியைத் திறந்தார். விளிம்புவரை தளும்பிக்கொண்டிருந்தது.

"சிஸ்டர், ஃபுல் டேங்கா போட்டீங்க?"

ரோஹிணி மூடியை அடைத்துச் சாவியை உருவினாள். ஜாஸ்மினின் சிரிப்பு நின்றது. ஊரான் வண்டிக்கு ஒரு லிட்டர் போடலாம், வந்து சேர. ஃபுல் டேங்க் யாரும் போட மாட்டார்கள். அது அங்கே நின்ற நாலு பேருக்கும் தெரியும். அனந்தகிருஷ்ணனுக்கும் தெரிந்தது.

"நீ சொன்னாத்தான்ண்ணா" என்றாள் ரோஹிணி. சிரிப்பைக் காணோம். "வேண்டாம்னா இதோ சாவி, உன் ஸ்கூட்டர்ல ஏறிடறேன். பெட்ரோல் குழந்தைகளுக்கு என் கிஃப்ட்டா இருக்கட்டும்."

அனந்தகிருஷ்ணன் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். அவசரமாக எதையோ தேடுகிற மாதிரி சக்கரத்தைப் பார்த்தார், சங்கிலியைப் பார்த்தார். தேட ஒன்றும் மிச்சமில்லை.

"எனக்கு வண்டியைப் பத்தி ஒரு இழவும் தெரியாதுடி."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"உனக்குத் தெரியாதுன்னு தெரியும். அந்த மூணு வண்டியும் எனக்கே பிடிக்கலை, அதான் பேசாம வந்தேன். இந்த வண்டி எப்படின்னு நானே பார்த்துட்டேன்ண்ணா. உன்னை அதுக்காகக் கேக்கலை."

"பின்ன?"

"நான் போனா நீ பயப்படாம இருப்பியான்னு கேக்கறேன்."

அவர் யோசிக்கவே இல்லை. "மாட்டேன். பயப்படுவேன்."

"தினமுமா?"

"தினமும். மலை ஏறற அன்னிக்கு ரொம்ப. நீ திரும்பி வந்து வண்டியை நிறுத்தற வரைக்கும் பயப்படுவேன்." வண்டியின் ஹேண்டிலை ஒரு முறை தட்டினார். "எடுத்துக்கோ. நல்ல வண்டி."

ரோஹிணி சாவியை உள்ளங்கைக்குள் இறுக்கினாள். கண் இரண்டும் நிரம்பிவிட்டன, அதை மறைக்கக் குழந்தைகள் பக்கம் குனிந்தாள். ஜெபகுமார் திடீரென்று கைதட்டினார். "ஜாஸு, சார் 'எடுத்துக்கோ'ன்னார்டி! குரூப்புல போட்டா ஒருத்தன் நம்ப மாட்டான்!"

முன்பணம், கையெழுத்து, ஜெராக்ஸ் என்று மற்றதெல்லாம் சீக்கிரமே முடிந்தது. ஜாஸ்மின் வண்டியின் சீட்டை ஒரு முறை தடவிக்கொடுத்தாள், "பத்திரமா கூட்டிட்டுப் போங்க" என்றாள். அது வண்டியிடம் சொன்னதா ரோஹிணியிடம் சொன்னதா என்று யாரும் கேட்கவில்லை.

ரோஹிணி பெரிய வண்டியில் முன்னால் போக, அனந்தகிருஷ்ணன் ஸ்கூட்டரில் பின்னால் போனார். முப்பதில் போகிற அவருக்காக அவளும் முப்பதிலேயே போனாள், பாவம். அவுட்டர் ரிங் ரோடு பிரிகிற இடத்தில் அவள் ஓரமாக நிறுத்தி, ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினாள். ஒரு பக்கம் வீட்டுக்குப் போகிற வழி, இன்னொரு பக்கம் காலியாகக் கிடந்த நீளமான ரோடு.

"அண்ணா, நீ ஆத்துக்குப் போயேன். நான் இப்படியே செங்கல்பட்டு வரைக்கும் ஒரு தடவை போய்ட்டு வரட்டுமா?"

நாக்கு நுனிவரை வந்த வார்த்தையை அவர் விழுங்கினார். அது சுலபமாக இறங்கவில்லை. பக்கத்தில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவர் எட்டி அவள் ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டார், பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

"சாப்பாட்டுக்கு வந்துடு" என்றார்.